எம்டன் கப்பலின் சிறு மாதிரிக்கு எவ்வளவு துரு பொருந்தும்?

செம்பூர்வாசி:
1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட நாளில் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் எப்படி இருந்ததோ, அப்படியே அதை 1/350 அளவில் செய்து வருகிறேன். சாம்பல் நிற அக்ரிலிக் அடித்தாகிவிட்டது. இணையத்தில் காணும் மாதிரிகளில் பாதி, உடைப்பதற்காகக் கரையேற்றிய கப்பல்களைப் போலச் செம்பழுப்பாக இருக்கின்றன. பணியில் இருக்கும் போர்க்கப்பல் அவ்வளவு துருவேறியா இருக்கும்? மும்பையிலோ மழை விட்டபாடில்லை. இந்த ஈரத்தில் வார்னிஷ் தெளிக்கலாமா?

மாட்டுங்காக்காரர்:
இருக்காது, நண்பரே. அமைதிக் காலத்தில் வெள்ளை பூசி, ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் பெற்றிருந்த அந்தக் கப்பலுக்குப் போரையொட்டித்தான் சாம்பல் நிறம் அடித்தார்கள். ஆகவே சென்னைக்கு வந்தபோது அந்த வண்ணம் அதிகம் பழசாகியிருக்க வாய்ப்பில்லை. ஆனால், பிடிபட்ட கப்பல்களை நடுக்கடலில் பக்கத்தில் அணைத்துக்கொண்டு நிலக்கரி ஏற்றியதால், அலையில் இரண்டும் உரசிப் பக்கத் தகடுகள் அடிபட்டன. உங்கள் உழைப்பை அங்கே செலுத்துங்கள்: நடுப்பகுதியில் உரசல் தடம், தளத்தில் கரித்தூள், புகைபோக்கிகளின் வாயில் புகைக்கரி. நங்கூரத் துளைக்கும் நீர் வடியும் துளைகளுக்கும் கீழே மட்டும் துரு போதும். அதுவும் மயிரிழையாக, ஏனெனில் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் கோடு நிஜத்தில் 35 சென்டிமீட்டர் அகலப் பட்டை. கேட்வேயிலிருந்து எலிஃபண்டாவுக்குப் படகில் போகும்போது நங்கூரமிட்ட கப்பல்களைக் கவனியுங்கள். துருக்கோடு துளையருகே அடர்ந்தும் கீழே போகப் போக மங்கியும் தெரியும்.

டோம்பிவிலி தூரிகை:
செய்முறையைச் சொல்கிறேன். முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு ஆயில் கலரை ஊசிமுனைப் புள்ளியாக வைத்து, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுங்கள். பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம், அடியிலுள்ள அக்ரிலிக்குக்கு ஒன்றும் ஆகாது. லாக்கர் தின்னரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், அது அடி வண்ணத்தையே கரைத்துவிடும். இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த குப்பிகள் வீண் செலவு. ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண டியூபே போதும்.

லாக்கர் வார்னிஷ் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வெளிறிப்போகும். மழை முடியும்வரை, ஏசி ஓடும் அறையில் நீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷைத் தெளியுங்கள். ஆயில் கலர் காய நாளாகும் என்பதால் மூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்துவிட்டு, முற்றிலும் காய்ந்த பின்பே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடியுங்கள்.

சயான் சங்கு:
மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இவ்வளவு சிறிய மாதிரியில் அசல் நிறம் கூடுதல் கருமையாகத் தோன்றும், ஆகவே துருவும் கரித்தூளும் பூசுவதற்கு முன், அதே சாம்பலில் சிறிது வெள்ளை கலந்து மெல்லிய பூச்சாக ஒருமுறை அடித்துவிடுங்கள். மூன்று புகைபோக்கி கொண்ட எம்டன், பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றுவதற்காகக் கித்தானால் செய்து வைத்த பொய்யான நான்காவது புகைபோக்கியை வைக்கும் எண்ணமிருந்தால், காட்சியைப் பினாங்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அக்டோபர் 28 அன்று அந்த வேடத்தில்தான் அங்கே நுழைந்தது.