மீன் வண்டிக்கு அடியில் துரு: மறுபடி கோட்டிங் அடிக்கலாமா?

கேள்வி: தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்குத் தினமும் மீன் ஏற்றுகிறேன். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, நாலே வருஷத்தில் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பின்பக்கம் செதில் செதிலாகப் பெயர்கிறது. போன மழைக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கறுப்புக் கோட்டிங் அடித்தேன். இப்போது விரலால் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, உள்ளே ஈரம். மறுபடி அடிக்கலாமா?

பதில்: துரு மேலேயே அடித்திருக்கிறார்கள் அண்ணே. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் கோட்டிங் இல்லாததைவிட மோசம். பெயர்ந்ததைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் துரு பிடிக்காமல் காக்கும் முதல் பூச்சான ஜிங்க் பிரைமர், அதற்கு மேல்தான் தார் கோட்டிங். சைலன்சர், பிரேக் பக்கம் படக்கூடாது. சேசிஸில் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர்: பழைய இன்ஜின் ஆயில் போதாதா? எங்கள் மாமா அதைத்தான் அடிப்பார்.

முதல் பதில் சொன்னவர்: அடியில் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஆயிலில் ஊறிக் கெட்டுப்போகும். பிரேக்கில் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது, அப்புறம் மாமாவிடமே கேளுங்கள்!

கேட்டவர்: சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், ஓர் இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. சரி, முதலில் வெல்டிங். ஐஸ் தண்ணீரைக் குழாய் போட்டுக் கேனில் பிடிக்கவும் ஏற்பாடு செய்கிறேன்.