76 வயது அப்பாவுக்கு ஒரு நாய் வேண்டும்

அப்பா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். அம்மா போன வருஷம் தவறிவிட்டார். துணைக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று அவரே கேட்கிறார். எந்த நாய் என்றுதான் பிடிபடவில்லை.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகி எட்டு மாதம். காலையில் கைத்தடியோடு தெருமுனை டீக்கடை வரை போய் வருவார், அவ்வளவுதான் நடை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நகம் கீறினாலே ரத்தம் நிற்க நேரமாகும். ஓட்டு வீடு, திண்ணை, பின்னால் சின்னக் கொல்லை.

ஜனவரியில் லாப்ரடார் குட்டி வாங்கினோம். ஐந்தே மாதத்தில், அது சங்கிலியை இழுத்த இழுப்பில் அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. அது இப்போது மச்சான் வீட்டில். அப்புறம் சித்தப்பாவின் பொமரேனியனை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தோம். எப்போதும் காலுக்குள்ளேயே சுற்றுகிறது; தபால்காரர் வந்தால் தெருவே எழும்படி குரைக்கிறது. பக் நாய்க்கு இந்த வெயிலில் மூச்சுத் திணறும், வேண்டாம் என்றார் கால்நடை மருத்துவர். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் ஓட இடம் கேட்கும் வேட்டை நாய்கள்.

மிச்சம் இருப்பது, ஐந்தாறு வயதான, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட நாட்டு நாயைத் தத்தெடுப்பது. அப்படி வளர்ந்த நாயின் சுபாவம் கைத்தடியோடு நடப்பவருக்கு ஒத்துவருமா என்று, வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?