சார்கோசூகஸ் என்ற பழங்கால முதலை: 12 மீட்டராம்!

காவிரிக்கரை: "சார்கோசூகஸ் 12 மீட்டர், 8 டன், டைனோசரைக் கவ்விச் சுழன்றே கிழிக்கும்" என்று எலும்புப்பித்தன் முந்தின திரியில் அளந்துவிட்டிருக்கிறார். மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே விலங்கின் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறதா? எங்கே நாடா பிடித்தீர்கள்?

எலும்புப்பித்தன்: 2001-இல் தொல்லுயிரியலாளர் செரினோவின் குழு சயன்ஸ் இதழில் போட்ட கணக்கு ஐயா, என் வீட்டுக் கணக்கு இல்லை. நைஜரின் டெனெரே பாலைவனத்து மண்டையோடு 1.6 மீட்டர். உப்புநீர் முதலைக்கு உடல் நீளம் தலையைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு. பெருக்கினால் 11.2. பெருக்கல் வரும்தானே?

காவிரிக்கரை: வரும். எதைப் பெருக்குகிறோம் என்ற விவரமும் வரும். அந்த 1.6 மீட்டரில் முக்கால் பங்கு வெறும் மூஞ்சி. மூஞ்சி நீண்ட அளவுக்கு உடம்பும் நீளும் என்று யார் சொன்னது? அதனால்தான் 2019-இல் ஓ'பிரையன் குழு நீளத்தை விட்டுவிட்டுத் தலையின் அகலத்தைப் பிடித்தது. வந்தது 9.5 மீட்டருக்குள், 4.3 டன். உங்கள் 8 டன்னில் பாதி போச்சு.

எலும்புப்பித்தன்: செரினோ கரியால் என்ற இன்றைய முதலை வகையையும் சேர்த்துத்தான் ஒப்பிட்டார். அதுவும் நீள்மூஞ்சிதான். கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள்.

காவிரிக்கரை: கரியாலின் மூஞ்சி குச்சி. இதனுடையது அகலம், நுனியில் குமிழ் வேறு. இன்றைய முதலை மண்டை முக்கால் மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். அதில் கிடைத்த விகிதத்தை 1.6 வரை இழுத்துக்கொண்டு போய் 12 என்பீர்கள், நாங்கள் தலையாட்ட வேண்டும்!

தாரகை: சார்கோசூகஸின் முதுகு எலும்புத் தகட்டை அறுத்து எண்ணியதில் சுமார் 40 வளர்ச்சி வளையம். அந்த விலங்கே உச்ச அளவில் 80 சதவீதம்தான்.

காவிரிக்கரை: எதில் 80? 9.5-இலா, 12-இலா?

தாரகை: விகிதத்துக்கு மீட்டர் எதற்கு?

மீசைக்காரன்: நீளத்தை விடுங்கப்பா. சுழன்று கிழிக்கும் என்றாரே, 2014-இல் பிளாங்கோ குழு கணக்கிட்டதில் டைனோசூகஸ், புருசாரஸ் என்ற வேறு இரு பழங்கால முதலைகளின் மண்டைகள் முறுக்கைத் தாங்கும், சார்கோசூகஸ் தாங்காது. புருசாரஸ்தான் ராஜா, 12.5 மீட்டர்!

காவிரிக்கரை: அது 2015 கணக்கு. 2022-இல் 9.2-க்குள் வந்துவிட்டது. உங்கள் ராஜாவுக்கும் மண்டையை வைத்துத்தான் நீளம் கட்டினார்கள்.

எலும்புப்பித்தன்: குறைத்துச் சொல்பவர் எவரோ அவரே விஞ்ஞானி! டைட்டனோபோவா என்ற பழங்காலப் பாம்பின் திரியிலும் உங்கள் பாட்டு இதேதான், கடைசியில் உங்களையே காணோம்.

காவிரிக்கரை: டைட்டனோபோவாவுக்குத் தனித் திரி இருக்கிறது, அங்கே வாருங்கள். இங்கே தாடை மூட்டருகே அந்த மண்டையின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? அதைச் சொல்லுங்கள்.

எலும்புப்பித்தன்: 1.6 மீட்டர் நீளம். அது போதும்.