ஏரியில் விடும் மீன் குஞ்சுகள்: உண்மையான செலவு எவ்வளவு?

தூண்டில்காரன்:
ஏரியில் மீன் குறைந்தால் பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கி விடுவதுதான் உடனே கைகொடுக்கும். குஞ்சு விலையும் குறைவு. இதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

நீர்ப்பாசி:
விலையில் தெரிவது கொஞ்சம்தான். ஏரியில் விட்ட குஞ்சுகளில் பெரும்பகுதி பெரிய மீன்களுக்கு இரையாகிவிட்டால் அந்தப் பணம் எங்கே போயிற்று? ஆயிரம் குஞ்சு என்ன விலை என்று பார்க்காதீர்கள். வலையில் விழுந்த ஒரு மீனுக்கு எவ்வளவு ஆயிற்று என்று பாருங்கள்.

தூண்டில்காரன்:
அதற்குத்தான் விரலளவுக்கு வளர்த்து விடுகிறோம். அந்த அளவுக்கு வந்தால் நிறையத் தப்பிக்கும்.

நீர்ப்பாசி:
தப்பிக்கும், சரி. அதுவரை தீவனம் போட வேண்டுமே! மீன் வளர்ப்பில் பெரும்பாலும் மிகப் பெரிய செலவு அதுதான். காற்றேற்ற மின்சாரம், நோய் வந்தால் மருந்து, கூலி எல்லாம் கூடவே ஏறும். குஞ்சு பெரிதானால் ஆக்சிஜன் அடைத்த பையில் பிடிக்கும் எண்ணிக்கையும் குறையும், அதனால் வண்டிச் செலவும் கூடும்.

ஜெர்மனியில் சரளை தோண்டிய குழிகளில் உருவான 20 ஏரிகளில் பல ஆண்டுகள் சோதித்து, 2023-ல் 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மீன் விட்டதால் மீன் வளம் கூடவில்லை. கரையோரம் ஆழமில்லாத பகுதிகளை உருவாக்கிய ஏரிகளில்தான் கூடியது, அதிலும் இளம் மீன்கள். அந்தப் பணத்தைக் கரையில் போடலாமே.

கெண்டை:
அது தானாகப் பெருகும் மீன்களுக்குப் பொருந்தும். கட்லாவும் ரோகுவும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை, தேங்கிய நீரில் பெருகுவதில்லை. கரையை எவ்வளவு சீர்படுத்தினாலும் குஞ்சு விடாத ஏரியில் அவை இருக்காது. அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கு என்ன பதில்?

நீர்ப்பாசி:
கட்லா, ரோகுவுக்கு நீங்கள் சொல்வது சரி. தானாகப் பெருகும் இனம் இருக்கும் ஏரியிலும் அதே இனத்தைக் கொட்டுகிறார்களே, என் எதிர்ப்பு அதற்குத்தான். பொரிப்பகத்தில் கவனக்குறைவு இருந்தால் குஞ்சுகளோடு நோயும் ஏரிக்குள் வரும். அந்தச் செலவை யாருமே எழுதி வைப்பதில்லை.

தூண்டில்காரன்:
அமெரிக்கா, கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரியில் லேக் ட்ரௌட் மீன்களை மீட்டதில் பொரிப்பகத்துக்கும் பங்குண்டு. இன்று அங்கே அவை தானாகவே பெருகுகின்றன.

நீர்ப்பாசி:
ஆமாம், ஆனால் உடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சி அந்த மீன்களைக் கொன்ற லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற உயிரியை மருந்திட்டு ஒடுக்கினார்கள், பிடிப்பதற்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். அவை இல்லாமல் குஞ்சு மட்டும் விட்டிருந்தால் லாம்ப்ரேக்குத்தான் இரை.

கெண்டை:
விடும் குஞ்சுகளில் ஒரு பங்குக்குத் துடுப்பு நுனியை வெட்டி அடையாளம் வைக்கலாம். வலையில் அப்படி எத்தனை வருகின்றன என்று எண்ணினால், அடுத்த முறை எவ்வளவு விடலாம் என்று தெரியும். அதற்காக இந்தப் பருவத்தில் குஞ்சு விடுவதை நிறுத்தச் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.