பின்னொட்டு சேரும்போது எழுத்து மாறும் விதி: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஆங்கிலச் சொல்லை முன்னொட்டு, அடிச்சொல், பின்னொட்டு என்று பிரித்துக்காட்டும் கருவியின் இடைமுகத்தைத் தமிழாக்கும்போது ஒரு சொல் மட்டும் முட்டுகிறது: 'சஃபிக்ஸிங் ரூல்'. "பின்னொட்டு விதி" என்று போட்டால், எந்த ஒட்டு எந்தச் சொல்லோடு சேரும் என்ற விதியாகப் படித்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது, சேரும் இடத்தில் எழுத்து என்ன ஆகிறது என்பது.

என் முன்மொழிவு 'புணர்ச்சி விதி'. நன்னூலின் மூன்று விகாரங்களும் (தோன்றல், திரிதல், கெடுதல்) பொருந்துகின்றன. 'ஹோப்' (நம்பு) உடன் 'இங்' சேர்ந்தால் கடைசி ஈ கெடும். 'ஹாப்' (துள்ளு) உடன் சேர்ந்தால் இன்னொரு பி தோன்றும். 'டிரை' இறந்தகாலத்தில் ஒய், ஐ-யாகத் திரியும். 'ப்ளே'யில் ஒய்க்கு முன் உயிரெழுத்து நிற்பதால் திரியாது. மெனுவில் 'விகாரம்' என்று மட்டும் எழுத வேண்டாம். "விகாரத்தைக் காட்டு" என்ற பொத்தானை யார் அழுத்துவார்கள்?

---

மறுமொழி:

> என் முன்மொழிவு 'புணர்ச்சி விதி'

ஐயா, இதில் ஓர் இடறல். நம் புணர்ச்சி முதலில் வாயில் நடக்கிறது. மரம் + கள் 'மரங்கள்' ஆவது ஒலி மாறுவதால். எழுத்து அதன் பின்னால் போகிறது. 'ஹோப்'பின் கடைசி ஈ ஒலிப்பதே இல்லை. முன்னால் உள்ள ஓ-வை எப்படிப் படிப்பது என்று காட்டுவதுதான் அதன் வேலை. அது கெட்டாலும் உச்சரிப்பு அசையாது. மறுபுறம் 'மேஜிக்', 'மஜிஷியன்' ஆகும்போது சி-யின் ஒலி மாறுகிறது, எழுத்து அப்படியே நிற்கிறது. இரண்டையும் புணர்ச்சி என்றால் கருவி எதைக் காட்டுகிறது என்றே தெரியாது.

'எழுத்துப் புணர்ச்சி' என்று அடைகொடுத்தாலும் தப்ப முடியாது. இலக்கணத்தில் எழுத்து என்பது ஒலியையும் குறிக்கும். 'எழுத்துமாற்ற விதி' என்றால் எழுத்துரு மாற்றியோடு குழம்பும். 'வரிவடிவப் புணர்ச்சி' எப்படி? 'வரிப்புணர்ச்சி' என்று சுருக்கினால் வருமான வரி நினைவுக்கு வரும், சுருக்க வேண்டாம்.

'தோன்றல்' எனக்கு ஒப்பில்லை, 'இரட்டல்' என்போம். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்பது நம் விதியேதான்: கல் + எறிந்தான் = கல்லெறிந்தான். 'ஹாப்' இரட்டுவதும் அப்படியே. 'ஃபுல்', 'லெஸ்' போல மெய்யில் தொடங்கும் ஒட்டு வந்தால் இரட்டாது. ஆனால் ஆங்கிலத்தில் பல அசைச் சொல்லும் இரட்டும், அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால். 'பிகின்' இரட்டும், 'ஓப்பன்' இரட்டாது.

---

மறுமொழி:

'வரிவடிவப் புணர்ச்சி', 'இரட்டல்' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 'பிகின்', 'ஓப்பன்' சொன்னது நல்லதாயிற்று, அங்கேதான் கருவி தடுமாறுகிறது. கருவி பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்ற எழுத்துப்பிழை திருத்தியின் ஒட்டுக்கோப்பில் ஒவ்வொரு விதிவரியிலும் குறி (எந்தச் சொற்களுக்கு இந்த விதி என்று காட்டுவது), நீக்கம், சேர்க்கை, நிபந்தனை என்று நான்கு கட்டங்கள் முக்கியம். "ஈ-யில் முடிந்தால் ஈ-யை நீக்கி 'இங்' சேர்" என்பது ஒரு வரி. நிபந்தனை எழுத்தை மட்டுமே பார்க்கும், அழுத்தத்தைப் பார்க்காது. அதனால் அழுத்தத்தால் இரட்டும் வடிவங்களை ஒரே விதியில் அடக்க முடியாது. அகராதிக் கோப்பில் தனியாக எழுதுவதே எளிது. 'சீ' (பார்) என்ற சொல்லுக்கு அந்த 'இங்' குறியைக் கொடுத்தால் ஓர் ஈ விழுந்து தப்பான சொல் சரியென்று ஏறிவிடும். அதற்கும் தனிப்பதிவுதான்.

ஆகவே திரையில் இரண்டு அடையாளங்கள் தேவை: விதியால் வந்தது 'விதிவடிவம்', தனியாகப் பதிந்தது 'பதிவுவடிவம்'. இரண்டாவதைச் சொடுக்கினால் புணர்ச்சி விளக்கம் வராது. காலியாக விடாமல் "விதி இல்லை, நேர்ப்பதிவு" என்று காட்ட வேண்டும்.

இன்னொன்று: நீக்கக் கட்டத்தில் 0 இருந்தால் எதையும் நீக்காதே என்று பொருள். அதை எண்ணாகவே காட்டினால் "0-வை நீக்கு" என்று படிக்கிறார்கள். 'நீக்கம் இல்லை' என்று எழுதிவிடுகிறேன். 'ஃப்ளாக்' என்பதைக் 'கொடி' ஆக்கிய பழைய மொழிபெயர்ப்பையும் இத்தோடு 'குறி' என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.