அவசரம்! கணினியை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் க்ரப் என்று மட்டும் வருகிறது

அரைத்தூக்கம் | இரவு 10:52
அனைவருக்கும் வணக்கம். காலை வரை ஒழுங்காக ஓடிய கணினி இப்போது விண்டோஸுக்குள் போகமாட்டேன் என்கிறது. கறுப்புத் திரை, மேலே க்ரப் என்று ஏதோ எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். நான் எதையும் மாற்றவில்லை. மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துவிட்டேன். நாளைக் காலை 9 மணிக்குள் ஒரு அறிக்கை அனுப்பியாக வேண்டும், அது அந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. ஃபோனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டு மணி | இரவு 10:58
பேட்டரி. மதர்போர்டில் வட்டமாக, நாணயம் மாதிரி ஒன்று இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அது செத்தால் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும், எதிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையும் குழம்பும். புதுசு 3 வோல்ட் காட்ட வேண்டும். பயாஸுக்குள் போய்த் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு கேஸ் இதுதான்.

கட்டளைவரி | இரவு 11:03 | பதிவுகள்: 6,214
"உதவி கேட்கும் முன்" என்று ஒரு பதிவை மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. பரவாயில்லை, மறுபடி கேட்கிறேன்.

மேசைக் கணினியா, மடிக்கணினியா? எந்த விண்டோஸ்? க்ரப் என்பது எந்த இயங்குதளத்துக்குள் போவது என்று கேட்டு அதை ஏற்றிவிடும் நிரல். அது விண்டோஸோடு வருவது அல்ல, ஆகவே லினக்ஸும் இருக்கிறது அல்லது இருந்தது. அது எது, எந்த டிஸ்க்கில்? கணினி தொடங்குவது புதிய யூஇஎஃப்ஐ முறையிலா, பழைய பயாஸ் முறையிலா? திரையில் இருப்பது "க்ரப்>" மட்டுமா, "க்ரப் ரெஸ்க்யூ>" என்றா? "க்ரப் என்று ஏதோ" என்று எழுதினால் மருத்துவரிடம் போய் "உடம்பில் எங்கேயோ வலிக்கிறது" என்று சொல்வது மாதிரி.

"எதையும் மாற்றவில்லை" என்பதை நான் 15 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருமுறைகூட அது உண்மையாக இருந்ததில்லை.

பச்சைச்சட்டை | இரவு 11:07
இவ்வளவு கேள்வி எதற்கு? விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் போய், கமாண்ட் பிராம்ப்டில் "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்" என்று அடிக்கவும். க்ரப் ஓடிப்போகும். நான் நாலைந்து கணினிக்குச் செய்திருக்கிறேன்.

விடியல் | இரவு 11:10
இது செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் காவல்) பிரச்சினையாகத்தான் இருக்கும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் நிறைய கணினிகள் இப்படித்தான் நின்றன. பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள், போதும்.

கட்டளைவரி | இரவு 11:16
விடியல், அந்தப் பிரச்சினையில் வரும் செய்தியே வேறு. ஷிம், எஸ்பாட், "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்றெல்லாம் திட்டிவிட்டுக் கணினி தானே அணைந்துவிடும். க்ரப் வரை வந்தே சேராது. இங்கே க்ரப் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதாவது செக்யூர் பூட் கதவைத் தாண்டியாகிவிட்டது.

பச்சைச்சட்டை, எம்பிஆர் என்பது டிஸ்க்கின் முதல் 512 பைட். அதில் பூட் நிரலுக்கு 446 பைட், மிச்சத்தில் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) அட்டவணை. யூஇஎஃப்ஐ கணினி அந்த 446 பைட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது பூட் கோப்புகளுக்கென்றே ஒதுக்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் கோப்பைத் திறக்கிறது. அங்கே ஃபிக்ஸ்எம்பிஆர் அடிப்பது, வாசல் பூட்டு கெட்டதற்குக் கொல்லைக் கதவில் எண்ணெய் விடுவது.

பச்சைச்சட்டை | இரவு 11:18
அவர் யூஇஎஃப்ஐ என்று இன்னும் சொல்லவே இல்லையே? நீங்களும்தான் ஊகிக்கிறீர்கள்.

அரைத்தூக்கம் | இரவு 11:21
மேசைக் கணினி. விண்டோஸ் 11. மற்றது எல்லாம் எனக்குத் தெரியவில்லை. செக்யூர் பூட்டை ஆஃப் செய்துவிட்டேன், மாற்றம் இல்லை. பயாஸில் தேதி சரியாக இருக்கிறது. லினக்ஸ் ஒரு காலத்தில் போட்டேன், தொட்டே இரண்டு வருடம் இருக்கும். வழக்கமாக ஆன் செய்தால் ஊதா நிறத்தில் ஒரு மெனு வரும், கடைசி வரியில் விண்டோஸ் இருக்கும், அதைத் தேர்ந்தெடுப்பேன். இன்று அந்த மெனு வரவில்லை.

தூரிகை | இரவு 11:26
அரைத்தூக்கம், பதற வேண்டாம். உங்கள் அறிக்கை பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பென்டிரைவ், ஃபார்மட், ரிப்பேர் எதற்கும் இப்போது போகாதீர்கள். இரண்டு விஷயம் மட்டும் செய்யுங்கள்.

1. திரையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுங்கள்.
2. அந்தக் கோடு மின்னும் இடத்தில் "எல்எஸ்" என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். வருவதை அப்படியே எழுதுங்கள். இது பார்க்க மட்டும்தான், எதையும் அழிக்காது.

சொல்லாய்வன் | இரவு 11:29
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தமிழில் உரையாடும் இடத்தில் பூட், பூட் என்றே எழுதுகிறோமே. பூட்லோடருக்குத் "துவக்க ஏற்றி" என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது.

மதர்போர்டு மணி | இரவு 11:31
துவக்கமா தொடக்கமா? தொடக்கம்தான் சரி என்று எங்கள் தமிழாசிரியர் பிரம்பு வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

விடியல் | இரவு 11:33
இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. "நள்ளிரவில் என் துவக்கு வேலை செய்யவில்லை, அவசரம்" என்று தலைப்பு வைத்தால் உதவிக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

அரைத்தூக்கம் | இரவு 11:34
மேலே "ஜிஎன்யூ க்ரப் வெர்ஷன் 2.06" என்று இருக்கிறது. அதன் கீழே "மினிமல் பேஷ்-லைக் லைன் எடிட்டிங் இஸ் சப்போர்ட்டட்" என்று தொடங்கி இரண்டு மூன்று வரி. பிறகு "க்ரப்>". ரெஸ்க்யூ என்ற வார்த்தை எங்கும் இல்லை.

எல்எஸ் அடித்தால் முதலில் ப்ராக் என்று ஏதோ வருகிறது, அப்புறம் (ஹெச்டி0) (ஹெச்டி0,ஜிபிடி4) (ஹெச்டி0,ஜிபிடி3) (ஹெச்டி0,ஜிபிடி2) (ஹெச்டி0,ஜிபிடி1). அவ்வளவுதான்.

தூரிகை | இரவு 11:41
அருமை, இதுதான் வேண்டியிருந்தது.

ஹெச்டி0 மட்டும் இருக்கிறது. அதாவது உள்ளே ஒரே ஒரு டிஸ்க். அதில் நாலு பார்ட்டிஷன். விண்டோஸ் 11ஐ வெற்று டிஸ்க்கில் போட்டால் அதுவாகவே நாலுதான் உண்டாக்கும்: 100 எம்பி அளவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பிக்கு ஒரு ஒதுக்கீடு, சி டிரைவ், கடைசியில் ரெக்கவரி. கணக்கு முடிந்தது. லினக்ஸுக்கு இடமே மிச்சமில்லை.

அப்படியானால் உங்கள் லினக்ஸ் எங்கே இருந்தது? சமீபத்தில் ஏதாவது டிஸ்க்கைக் கழற்றினீர்களா?

அரைத்தூக்கம் | இரவு 11:44
ஆமாம், இன்று மதியம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றினேன். டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் அதில் இல்லை, எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. அதனால் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லாமல் விட்டேன்.

கட்டளைவரி | இரவு 11:45
"எதையும் மாற்றவில்லை."

மதர்போர்டு மணி | இரவு 11:46
டிஸ்க்கைக் கழற்றும்போது கை பட்டு பேட்டரி நகர்ந்திருக்கலாம், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

தூரிகை | இரவு 11:55
என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஊதா மெனு என்றால் உபுண்டு என்ற லினக்ஸாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் லினக்ஸை ஹார்ட் டிஸ்க்கில் போட்டபோது, அதன் இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பார்த்து, க்ரப்பைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் போடு என்று நாம் சொன்னாலும் பல சமயம் இப்படித்தான் செய்யும். ஆக, க்ரப்பின் தலை எஸ்எஸ்டியில், உடம்பு ஹார்ட் டிஸ்க்கில்.

எஸ்எஸ்டியில் "உபுண்டு" என்ற ஃபோல்டருக்குள் மூன்றே வரியில் ஒரு சின்ன அமைப்புக் கோப்பு இருக்கும். முதல் வரி, இன்ன யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனைத் தேடு என்கிறது. அடுத்த இரண்டும், அதில் பூட், க்ரப் என்ற ஃபோல்டருக்குள் போய் உண்மையான மெனுவை எடு என்கின்றன. அந்த யூயூஐடி உள்ள டிஸ்க் இப்போது உங்கள் மேசை மேல் கிடக்கிறது. தேடிப் பார்த்த க்ரப் மெனு கிடைக்காமல், "சரி, நீயே சொல், என்ன செய்யட்டும்" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கோடு மின்னுவதற்கு அர்த்தம் அதுதான்.

பச்சைச்சட்டைக்கும் ஒரு வார்த்தை. இதே டிஸ்க்கைப் பழைய பயாஸ் முறைக் கணினியில் கழற்றியிருந்தால் "க்ரப் ரெஸ்க்யூ>" வந்திருக்கும். க்ரப்பின் பெரும்பாலான பாகங்கள் ஹார்ட் டிஸ்க்கோடு போயிருக்கும், அதனால் எல்எஸ் மாதிரி நாலைந்து கட்டளைக்கு மேல் அதற்குத் தெரியாது. இங்கே முழு க்ரப் இருக்கிறது, மெனு மட்டும் இல்லை. அதனால்தான் யூஇஎஃப்ஐ என்று சொல்ல முடிகிறது.

இப்போதைக்கு வழி: "எக்ஸிட்" என்று அடித்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலான போர்டுகள் வரிசையில் அடுத்ததான "விண்டோஸ் பூட் மேனேஜர்" பக்கம் போய்விடும். போகாவிட்டால் ஆன் செய்ததும் எஃப்12, எஃப்11, எஃப்8 இவற்றில் உங்கள் போர்டுக்கு எதுவோ அதைத் தட்டினால் பூட் மெனு வரும், அதில் தேர்ந்தெடுங்கள்.

சொல்லாய்வன் | நள்ளிரவு 12:01
பாருங்கள், தூரிகை இவ்வளவு தெளிவாகத் தமிழில் விளக்கும்போது பூட் என்ற ஒரு சொல்தான் உறுத்துகிறது.

கட்டளைவரி | நள்ளிரவு 12:04
பூட் என்பது பூட்ஸ்ட்ராப்பின் சுருக்கம். பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற கேலியிலிருந்து வந்தது. கணினியும் அதைத்தான் செய்கிறது. சின்ன நிரல் கொஞ்சம் பெரியதை ஏற்றும், அது இன்னும் பெரியதை. அந்தக் கேலி "துவக்க ஏற்றி"யில் எங்கே இருக்கிறது? லாரியில் மூட்டை ஏற்றுவது போல இருக்கிறது. எனக்கு பூட்லோடரே போதும்.

சொல்லாய்வன் | நள்ளிரவு 12:07
கேலியை மொழிபெயர்க்க வேண்டும் என்று யார் சொன்னது? பேருந்து என்ற சொல் வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். இன்று யாராவது சிரிக்கிறார்களா?

அரைத்தூக்கம் | நள்ளிரவு 12:09
ஐயா, மன்னிக்கவும். எக்ஸிட் அடித்தேன். இப்போது முழுக்க நீலத் திரை. பிட்லாக்கர் ரெக்கவரி, 48 இலக்க எண்ணைக் கொடு என்கிறது. நான் பிட்லாக்கர் எதுவும் போடவே இல்லை!! எல்லாம் போய்விட்டதா?

கட்டளைவரி | நள்ளிரவு 12:12
போகவில்லை. விடியல் சொன்னதைக் கேட்டு செக்யூர் பூட்டை அணைத்தீர்கள் இல்லையா, அதன் பலன் இது. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலே அதை ஆன் செய்து வைத்திருக்கும். சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு வைத்திருக்கும். பூட் ஆகும் விதம் மாறினால் சாவியைத் தராது. என்ன பிரச்சினை என்று தெரியாமலே செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ.

விடியல் | நள்ளிரவு 12:14
நல்லது நினைத்துத்தான் சொன்னேன். பிட்லாக்கர் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கட்டளைவரி | நள்ளிரவு 12:15
கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதற்குத்தான் கேள்விகள்.

தூரிகை | நள்ளிரவு 12:17
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அரைத்தூக்கம், பயாஸில் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யுங்கள். பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலில் இருக்கட்டும், "உபுண்டு" கீழே போகட்டும். சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

அதற்குப் பிறகும் 48 இலக்கம் கேட்கக்கூடும். இத்தனை நாளும் க்ரப் வழியாக விண்டோஸுக்குப் போனீர்கள், இனி நேராகப் போகிறீர்கள், அந்த மாற்றத்தையே அது சந்தேகப்படலாம். விண்டோஸில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ அதே கணக்கில் ஃபோனிலிருந்து நுழைந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி சாவியைப் பாருங்கள். நீலத் திரையில் ஒரு சாவி அடையாள எண் இருக்கும், முதல் 8 எழுத்துகள் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். காகிதத்தில் ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி எழுதிக்கொண்டால் தடுமாறாது.

எதுவுமே ஆகவில்லை என்றால், அந்தப் பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டுங்கள். டக் டக் சத்தம் என்றால் அதிக நாள் தாங்காது, ஆனால் அது உயிரோடு இருந்தால் ஊதா மெனு திரும்பி வரும், இந்த இரவைத் தாண்டிவிடலாம். அதில் படங்கள், கோப்புகள் இருந்தால் அடுத்த வேலையாக நகல் எடுங்கள்.

எஸ்எஸ்டியில் மிச்சமிருக்கும் "உபுண்டு" ஃபோல்டரை இப்போது தொட வேண்டாம். அது அங்கே சும்மா கிடப்பதால் ஒன்றும் ஆகாது. அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் "மைக்ரோசாஃப்ட்" ஃபோல்டரை அழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பச்சைச்சட்டை | நள்ளிரவு 12:25
பழைய பயாஸ் கணினிக்கு ஃபிக்ஸ்எம்பிஆர் சரியான வைத்தியம்தான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மதர்போர்டு மணி | நள்ளிரவு 12:31
என்ன ஆயிற்று?

தூரிகை | காலை 7:10
அரைத்தூக்கம், ஏதாவது தகவல் உண்டா?

அரைத்தூக்கம் | காலை 9:22
வந்துவிட்டது. அறிக்கையும் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

தூரிகை | காலை 9:40
மகிழ்ச்சி. எது வேலை செய்தது என்று ஒரு வரி எழுத முடியுமா? செக்யூர் பூட்டை ஆன் செய்ததே போதுமானதாக இருந்ததா, சாவி கேட்டதா, இல்லை டிஸ்க்கையே மறுபடி மாட்டினீர்களா?

சொல்லாய்வன் | காலை 10:15
"தொடக்க ஏற்றி" என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

கட்டளைவரி | காலை 10:18
எனக்கு இருக்கிறது.

வெண்ணிலவன் | மூன்று வாரம் கழித்து, இரவு 11:50
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் என்னுடையதில் "க்ரப் ரெஸ்க்யூ>" என்று வருகிறது, அதற்கு மேல் "நோ சச் பார்ட்டிஷன்" என்று ஒரு வரி. நான் எதையும் மாற்றவில்லை. அரைத்தூக்கம் சார், நீங்கள் எப்படிச் சரி செய்தீர்கள்?

கட்டளைவரி | இரவு 11:58
அவர் வரமாட்டார். உங்களுடையது வேறு நோய், புது இழை திறங்கள். எந்தப் பார்ட்டிஷனை அழித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

வெண்ணிலவன் | நள்ளிரவு 12:03
காலியாக இருந்ததைத்தான் அழித்தேன்.