கடற்பஞ்சு தனக்குள் வாழும் பாக்டீரியாவை ஏன் தின்பதில்லை?

தேரிமணல்:
ராதாபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஆடிக்காற்று ஓய்ந்த ஒரு காலையில் உவரிக் கடற்கரையில் உள்ளங்கையளவு கடற்பஞ்சு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அதை வகுப்பில் வெட்டிக் காட்டியபோது, மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பாசிப்பச்சையாகவும் அதற்குக் கீழே வெளிறிய மஞ்சளாகவும் இருந்தது. வெளிச்சம் எட்டும் மேலடுக்கில் குடியிருக்கும் நீலப்பசும் பாக்டீரியாவே பச்சைக்குக் காரணம் என்று விளக்கினேன். உடனே ஒரு மாணவி, "நீரை வடிகட்டிப் பாக்டீரியாவைத் தின்னும் விலங்கு என்று நேற்றுதானே சொன்னீர்கள், உள்ளே இருப்பவற்றை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். விடை தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முத்துச்சிப்பி:
அந்த மாணவி கேட்டது ஆய்வாளர்களும் கேட்ட கேள்விதான். நீரோட்டத்தில் வரும் இரையைப் பிடிப்பவை கோயனோசைட்டுகள் எனப்படும் கழுத்துப்பட்டைச் செல்கள். கூட்டுவாழ் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அவற்றுக்கு அப்பால், மீசோகைல் என்னும் கூழ் போன்ற இடையடுக்கில் இருக்கின்றன. சில கடற்பஞ்சுகளில் உடலின் கன அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை இவையே நிறைந்திருப்பதால், அவற்றை விருந்தாளிகள் என்று சொல்வதே பொருந்தாது. ஆனால் இருப்பிடம் மட்டும் முழு விடையாகாது, ஏனெனில் அந்தக் கூழிலும் அமீபா போன்ற செல்கள் அலைந்துகொண்டு, எதிர்ப்பட்டதை விழுங்கக்கூடியவையாக இருக்கின்றன.

மத்தியதரைக் கடலின் அப்லைசினா ஏரோஃபோபா என்னும் கடற்பஞ்சுக்குக் கடல்நீர்ப் பாக்டீரியாவையும் அதன் கூட்டுவாழ் பாக்டீரியாவையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் வகையை அது விரைவாக வடிகட்டி எடுத்தது. இரண்டாம் வகையைப் பெரும்பாலும் தொடவில்லை. பின்னர் 2014இல், கூட்டுவாழ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த அங்கிரின் வகைப் புரதங்களின் மரபணுக்களை ஈ. கோலை என்னும் சாதாரணக் குடல் பாக்டீரியாவில் புகுத்தி, அந்த விழுங்கும் செல்களை ஒத்த அமீபாவுக்குக் கொடுத்தபோது, விழுங்கப்பட்டவை செரிக்கப்படாமல் அமீபாவுக்குள்ளேயே தங்கின. கடற்பஞ்சு இரக்கப்பட்டு விட்டுவைக்கவில்லை, குடியிருப்பவையே செரிமானத்தைத் தடுப்பதாகத் தெரிகிறது என்று மாணவியிடம் சொல்லலாம்.

நீர்க்கருவை:
முத்துச்சிப்பி அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கூட்டுவாழ்வு என்றாலே இருவருக்கும் ஆதாயம் என்று கரும்பலகையில் எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அது எப்போதும் சரியன்று. நீலப்பசும் பாக்டீரியா உள்ள இரண்டு கடற்பஞ்சுகளை நிழலில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. ஆசிலடோரியா என்னும் நீலப்பசும் பாக்டீரியா குடியிருந்த கடற்பஞ்சு நிழலில் பெரிதும் சுருங்கியது. சினெக்கோகாக்கஸ் என்னும் மற்றொரு வகை குடியிருந்ததிலோ பச்சையம் குறைந்தும் கடற்பஞ்சின் எடை குறையவில்லை. முன்னதில் வாழ்வு உண்மையிலேயே பங்குபோடப்பட்டிருக்கிறது. பின்னது வாடகை தராத குடித்தனம் போலத்தான் தெரிகிறது.

உங்கள் மாதிரியைப் பொறுத்தவரை, மேற்பரப்பில் படிந்த வெறும் பாசியும் அதே நிறத்தில் இருக்கும். ஆகவே தோலை நன்றாகச் சுரண்டிய பின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, பச்சை திசுவுக்குள்ளேயே இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

தேரிமணல்:
இருவருக்கும் நன்றி. சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு சந்தேகம்: எங்கள் ஊர்க் குளம் கோடையில் வற்றும்போது கருவேலங் கிளைகளில் சொரசொரப்பான ஒரு பொருள் காய்ந்து ஒட்டியிருக்கும், தொட்டால் கை அரிக்கும். அதுவும் பஞ்சுயிரிதானா?

முத்துச்சிப்பி:
நீங்கள் சொல்வது நன்னீர்ப் பஞ்சுயிரியின் அடையாளம்தான். அரிப்புக்குக் காரணம் அதன் சிலிக்கா நுண்முட்கள். ஸ்பாஞ்சில்லா போன்ற நன்னீர் இனங்களில் குளோரெல்லா என்னும் ஒருசெல் பசும்பாசி செல்களுக்கு இடையில் அல்லாமல் செல்களுக்கு உள்ளேயே வாழும். வெயில் படும் பக்கம் பச்சையாகவும் நிழல் பக்கம் வெளுத்தும் இருப்பது அதனால்தான். காய்ந்த துண்டில் கடுகை விடச் சிறிய உருண்டைகள் தென்பட்டால் அவை ஜெம்யூல்கள், அதாவது வறட்சியைத் தாங்கும் மொட்டுகள். கையுறை அணிந்து சிலவற்றைப் பிரித்தெடுத்து, ஐப்பசி மழையில் குளத்துக்கு வரும் நீரில் போட்டு வையுங்கள். உயிரோடு இருப்பவை சில நாட்களில் முளைக்கும். அந்த மாணவியே அன்றாடம் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும்.